எட்டாம் எண் காரின் இடது கண்ணாடி

அவள் பல் செய்கிறவள். பல் வைத்தியர் அல்ல. வைத்தியர் ஆளின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த ஆளின் முகத்தையே பார்க்காமல் அவனுக்குப் பல் செய்து அனுப்புவது இவள் வேலை. ஒரு பல் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றால் அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தன்னைத் திட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வீட்டிலும் எல்லாவற்றையும் மில்லியில்தான் பேசினாள். அலமாரிக் கதவு இரண்டு மில்லி இறங்கிவிட்டது என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் கணவன் அவளுக்கு மில்லி என்று பெயர் வைத்தான். மாமனாரும் மாமியாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இப்போது போனை எடுத்தால் அவளே, "மில்லி பேசறேன்" என்கிறாள்.

வேலை முடிந்து வந்து அவள் பந்தயக் கார் செய்வாள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வரும் கார். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் நிஜக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்காக உள்ளங்கையில் நிற்கும். மற்றவர்களுக்கு வேலை அங்கே முடியும். அவளுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். பெட்டியில் வருவது கம்பெனியிலிருந்து வெளியே வந்த கார். அவளுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட பந்தயத்தில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த கார். மூக்கு நசுங்கியது எப்போது, டயர் மாற்றியது எப்போது, சேறு எந்தப் பக்கம் அடித்தது என்று பழைய படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள்.

ஒருமுறை முடிந்த காரைக் கணவன் கையில் எடுத்து, நன்றாக இருக்கிறது என்றான்.

"நல்லா இல்லைங்க. இந்தக் கீறல் விழுந்தது டயர் மாத்தினதுக்கு அப்புறம். நான் பழைய டயரையும் கீறலையும் சேத்து வச்சுட்டேன். இப்படி ஒரு கார் ஓடவே இல்ல."

"இதுவும் ஓடாத கார்தானே?"

"அது வேற ஓடாதது."

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. படத்தில் தெரிவதைச் செய். தெரியாததைக் கற்பனை செய்யாதே. தெரியாத இடத்தைக் கம்பெனிக்காரன் கொடுத்தபடி விட்டுவிடு.

வீட்டின் கீழ்த்தளத்தில் மாமனாரின் டிரைவிங் ஸ்கூல். ஓட்டிக் காட்டுவதெல்லாம் இப்போது மகன்தான். மாமனார் முன்னறையில், சுவரில் மாட்டிய சாலைக்குறிப் பலகைகளுக்குக் கீழே உட்கார்ந்து, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் பாடம் எடுப்பார். முதல் பாடம் கிளட்ச் அல்ல, கியர் அல்ல. ஒரு கதை.

இளவயதில் அவர் பந்தயக் கார் ஓட்டியிருக்கிறார். ஒற்றை ஆள் உட்காரும் கார், எண் எட்டு. யாரும் பயன்படுத்தாத ஒரு விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பாதை போட்டு நடந்த பந்தயம். பாதியில் ஒரு வைக்கோல் கட்டில் உரசி இடது பக்கக் கண்ணாடி போய்விட்டது. அதற்குப் பின்னால் இடது பக்கம் யார் வருகிறான், எவ்வளவு நெருக்கத்தில் வருகிறான் என்று எதுவும் தெரியாமல், முதுகாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டி, மூன்றாவதாக வந்தார்.

"கண்ணாடி இல்லாம ஓட்டினவன் சொல்றேன்," என்று முடிப்பார். "உங்களுக்கு மூணு கண்ணாடி இருக்கு. பாருங்க."

அந்த ஊரில் அவரிடம் படித்தவர்கள் கிளட்சை மறந்தாலும் கண்ணாடி பார்க்க மறப்பதில்லை.

அவர் நாற்காலிக்கு மேலே அந்தப் பந்தயத்தின் ஒரே படம் சட்டம் போட்டுத் தொங்கியது. கருப்பு வெள்ளை. முடிவுக்கோடு, கொடி ஆட்டுகிறவன், பக்கவாட்டில் கார், அதில் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கியபடி இளைஞர். மாமியாருக்கு அந்தப் படம் பிடிக்காது.

"அதுல இருக்கறது உங்கள மாதிரியே இல்லங்க. உங்க தம்பி மாதிரி இருக்கு."

"எனக்குத் தம்பியே கிடையாது."

"அதான் சொல்றேன். யாரோ."

மாமனாருக்கு எழுபது வயதாகப் போகிறது என்றபோது மில்லி அந்தக் காரைச் செய்வது என்று தீர்மானித்தாள். பழைய கார்தான் என்றாலும் அதே காரின் துண்டுகள் அடங்கிய கிட் பெட்டி கிடைத்தது. பெட்டியைப் பார்த்த மாமனார் அதைத் திறக்கவே விடாமல் இரண்டு நாள் மேஜை மேல் வைத்துக்கொண்டார். முன்னறைக்குக் கண்ணாடி அலமாரி ஒன்று சொல்லிவிட்டார். கார் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் எடுக்கப் போவதாக மகனிடம் சொன்னார்.

மில்லி படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தன் மேஜைக்குக் கொண்டுபோனாள். முதல் பார்வையிலேயே ஒன்று பிடிபட்டது. கிட்டில் சைலன்சர் குழாய் காரின் வலது பக்கம் ஓடியது. படத்தில் இடது பக்கம். பெட்ரோல் மூடியும் அப்படியே. கம்பெனிக்காரன் தவறு செய்திருக்க வேண்டும், அல்லது உள்ளூர் மெக்கானிக் மாற்றியிருக்க வேண்டும். எதற்கும் கேட்டுவிடலாம் என்று படத்தோடு கீழே போனாள்.

"மாமா, உங்க கார்ல சைலன்சர் எந்தப் பக்கம்?"

மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இந்தா, தெரியுதே. இடது பக்கம்."

போதும். பல்லுக்கு வைத்திருக்கும் சின்ன ரம்பத்தால் உடலின் இடது பக்கத்தை வெட்டினாள். வலது பக்கத்துப் பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தாள். குழாயை வளைவுக்கு வளைவு திருப்பி, பல் செய்யும் மாவிலேயே புதிதாக வார்த்தாள். கார் செய்கிறவர்களின் குழுவில், கிட்டில் ஒரு பெரிய தவறு இருப்பதாகப் படத்தோடு போட்டாள். கண்ணா அது, கழுகா என்று பாராட்டினார்கள். இரண்டு நாள் அவள் தரையில் நடக்கவில்லை.

அடுத்து கண்ணாடிகள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவள், அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

சாப்பிடும்போது சொன்னாள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு.

"மாமா, இடது கண்ணாடி உடையல."

"என்னம்மா?"

"படத்துல முழுசா இருக்கு. தண்டு, கூடு, கண்ணாடி எல்லாம். வெயில் பட்டு மின்னுது."

"பந்தயத்துக்கு முன்னாடி எடுத்த படமா இருக்கும்," என்றான் கணவன்.

"கொடி ஆட்டறாங்களே. முடிஞ்சப்போ எடுத்தது."

மாமனார் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். பூதக்கண்ணாடியையும் கேட்டார். நெடுநேரம் பார்த்தார். "அப்படியா," என்றார். பிறகு தட்டில் இருந்ததை முடித்துக் கை கழுவப் போனார்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு மேலே வந்த கணவன், "அப்பா இன்னிக்குக் கதை சொல்லல," என்றான். "புதுசா சேந்த அம்மா ஒருத்தங்க, 'சார், எங்க அண்ணன் சொன்னான், இங்க ஒரு கதை சொல்லுவீங்களாமே'ன்னு அவங்களே கேட்டாங்க. 'அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, இதுதான் கிளட்ச்'ன்னுட்டார்."

அதற்கடுத்த நாளும் கிளட்ச். பாடம் சீக்கிரம் முடிந்தது. அலமாரிக்காரன் அளவெடுக்க வந்தபோது, இப்போது அவசரமில்லை என்று அனுப்பிவிட்டார். இத்தனை வருடமாக, "ஆரம்பிச்சுட்டார்யா," என்று தலையில் அடித்துக்கொண்ட மாமியார், மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு வந்து, "ஏங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் கதை சொல்லல?"

"நடக்காததை எத்தனை வருஷம் சொல்றது?"

மில்லிக்கு அது காதில் விழுந்தது. யாரும் பொய் என்று சொல்லவில்லை. அவரே தன்னைப் பொய்யன் என்று தீர்மானித்துக்கொண்டார். ஒரு மனிதரின் வாயிலிருந்து நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டது போல் இருந்தது அவளுக்கு.

"அந்தக் கண்ணாடியை ஒடிச்சுப் போட்டுடேன்," என்றான் கணவன். "கடுகளவு பிளாஸ்டிக். யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"உன்கிட்ட நான் பேசிக்கறேன்."

இதையும் கேட்டுக்கொண்டிருந்த மாமனார் அறைக்குள்ளிருந்து, "வேண்டாம்ப்பா," என்றார். "உள்ளதை உள்ளபடி வைக்கட்டும். அவ வேலை அது."

திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது மில்லிக்கு.

இடது கண்ணாடியை ஒட்டாமல் தள்ளிப்போட்டாள். வண்டியோட்டியின் பொம்மையை எடுத்துக்கொண்டாள். மேஜையின் ஒரு ஓரத்தில் பெயிண்ட் டப்பாக்களில் சாய்த்து அந்தப் படம். எதிர் ஓரத்தில், பொம்மையைத் திருப்பாமலே அதன் மறுபக்கம் தெரிவதற்காக முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிறுத்தியிருந்தாள். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது கையில் எடுத்துத் திருப்ப முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூக்கு வரைந்துகொண்டிருந்தாள்.

டீ கொண்டுவந்த மாமியார் அவளுக்குப் பின்னால் நின்றார்.

"இது ஏது இந்தப் போட்டோ? இதை நான் பாத்ததே இல்லையே."

"எது அத்தை?"

"இதோ, இது. இதுல நல்லா இருக்காரே. அவரேதான். அந்தக் கோணச் சிரிப்பு அப்படியே இருக்கு பாரு."

மாமியாரின் விரல் நீண்டிருந்தது படத்தை நோக்கி அல்ல. முகம் பார்க்கும் கண்ணாடியை நோக்கி.

மில்லி கண்ணாடியைப் பார்த்தாள். அதில் தெரிந்த படத்தில் மாமனாரின் சிரிப்பு வலது பக்கம் ஏறியிருந்தது. தினமும் சாப்பாட்டு மேஜையில் அவள் பார்க்கும் சிரிப்பு. திரும்பிப் படத்தைப் பார்த்தாள். அங்கே அது இடது பக்கம் ஏறியிருந்தது. மறுபடி கண்ணாடி. சட்டைப் பொத்தான்கள் ஆண்கள் சட்டையில் இருக்கவேண்டிய பக்கத்தில் இருந்தன. கார் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகாமல், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தது. எட்டு மட்டும் எப்படிப் பார்த்தாலும் எட்டாகவே இருந்தது.

ஸ்டூடியோக்காரன் பிலிமைத் திருப்பி வைத்துப் படம் போட்டிருக்கிறான். படத்தில் எழுத்து ஒன்றும் இல்லை, எட்டைத் தவிர. மாமனார் தன் முகத்தை ஷேவிங் கண்ணாடியில் எப்படிப் பார்த்துப் பழகியிருந்தாரோ அப்படியே அது சுவரில் தொங்கியதால் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் முகத்தை எதிரே நின்று பார்த்து வாழ்ந்த ஒருத்திக்குத்தான் அது யாரோவாக இருந்தது.

"அத்தை, நீங்க சொன்னதுதான் சரி. அது மாமா இல்ல."

"அதைத்தான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன்," என்றார் மாமியார். "டீயைக் குடி, ஆறுது."

மில்லி டீயைக் குடிக்கவில்லை. ஒரு கையில் படமும் ஒரு கையில் முகக்கண்ணாடியுமாகப் படியிறங்கினாள். அவள் மூக்கின் மேல் சதை நிறப் பெயிண்ட். முன்னறையில் மாமனார் ஒரு வங்கி ஊழியருக்குக் கிளட்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, கையைக் காட்டுங்க."

"பாடம் நடக்குதும்மா."

"ஒரு நிமிஷம். சட்டையை மடிங்க. ரெண்டு கையும்."

அவர் மடித்தார். வலது முழங்கைக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று, வழவழவென்று.

"இது என்ன?"

"தெரியாதா உனக்கு? அந்தக் கார் சைலன்சர் சுட்டது. இறங்கும்போதெல்லாம் சுடும். தோலோட போயிடுச்சு ஒருநாள்."

"எந்தக் கை மாமா இது?"

மாமனார் தன் கையைப் பார்த்தார். இப்போதுதான் யாரோ அதைக் கொண்டுவந்து பொருத்தியது போல் பார்த்தார். வங்கி ஊழியரும் எட்டிப் பார்த்தார்.

"வலது கை சார்," என்றார் உதவியாக.

மில்லி படத்துக்கு எதிரே கண்ணாடியைப் பிடித்தாள். மாமனார் உள்ளே பார்த்தார். சைலன்சர் வலது பக்கம் போனது. அவர் மெல்ல எழுந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இல்லாத காரிலிருந்து வலது பக்கமாக ஒருமுறை இறங்கிப் பார்த்தார். கை தானாகவே விலகியது.

"அட," என்றார். பிறகு, "அப்போ கண்ணாடி?"

மில்லிக்கு இங்கேயும் சுற்றி வளைக்க வரவில்லை. "படத்துல தெரியறது வலது கண்ணாடி மாமா. அது உடையல. இடது பக்கம் படத்துல இல்லவே இல்ல. நீங்க தூக்கின கை அதை மறைச்சுடுச்சு."

"அப்போ உடைஞ்சுதுன்னு சொல்ல முடியாது."

"உடையலைன்னும் சொல்ல முடியாது."

"உன் சட்டப்படி என்ன செய்வே?"

"கம்பெனிக்காரன் குடுத்தபடி முழுசா வைக்கணும்."

அவர் தலையை ஆட்டினார். பாதி சந்தோஷத்தில் ஒரு மனிதர் எப்படி உட்காருவாரோ அப்படி உட்கார்ந்தார். "கிளட்சை மெதுவா விடணும் சார்," என்றார் வங்கி ஊழியரிடம்.

மாலையில் குழுவில், "கிட் சரி. நான்தான் திருப்பிப் பார்த்துவிட்டேன்," என்று போட்டாள். கழுகுக்கு அனுதாபங்கள் வந்தன. அவளுக்கு உறைக்கவில்லை. வெட்டிய இடத்தை அடைத்து, அடைத்த இடத்தை வெட்டினாள். சீட்டியடித்துக்கொண்டே செய்தாள். கம்பெனிக்காரன் முதலிலேயே கொடுத்திருந்ததைத் திரும்பச் செய்ய ஒரு வாரம் பிடித்தது.

மிச்சம் இடது கண்ணாடி.

பல் செய்யும் பட்டறையில் ஒருநாள் அவள் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அச்சில் அது சரியாகப் பொருந்தியது. அளவில் குறையில்லை. வைத்தியர் ஒரு துண்டுச்சீட்டோடு திருப்பி அனுப்பியிருந்தார்: மெல்லும்போது உட்பக்கம் உறுத்துகிறதாம். அந்த உறுத்தலுக்கு அச்சு கிடையாது, படம் கிடையாது. ஆள் சொன்னதுதான். இத்தனை வருடத்தில் அப்படிச் சொன்ன ஒருவரிடமும் அவள் சாட்சி கேட்டதில்லை. சரியான கேள்விகளை மட்டும் கேட்டனுப்புவாள். சுடும்போதா, குளிரும்போதா, முன்னாலா, பின்னாலா. பொய் உறுத்தலுக்கு இடம் சொல்லத் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் தரையில் தலையணைகளைப் போட்டாள்.

"மாமா, இதுல உக்காருங்க. கார்ல உக்காந்த மாதிரி. காலை நீட்டி."

"எதுக்கும்மா?"

"எப்படி உடைஞ்சதுன்னு நான் இதுவரைக்கும் உங்களைக் கேட்கவே இல்ல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வேட்டையாடப் போகிறவர் போல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டினார். கணவன் கீழேயிருந்து பாடத்துக்கு வைத்திருக்கும் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அவனை வைக்கோல் கட்டாக இடது பக்கம் மண்டிபோட்டு நிற்கச் சொன்னாள் மில்லி. ஒரு நீளக் கரண்டியைக் கண்ணாடித் தண்டாகப் பிடித்துக்கொண்டாள்.

"உரசினப்போ தண்டோட போச்சா?"

"இல்ல. தண்டு நின்னுது. பின்னாடி வளைஞ்சுது. இன்னும். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

"கூடு?"

"கூடு இருந்துச்சு. கண்ணாடிதான் கொட்டிப்போச்சு." கண்ணை மூடிக்கொண்டார். "கூட்டுக்குள்ள வைக்கோல் சொருகியிருந்துது. ஒரு கொத்து. பின்னாடி யாரு வர்றான்னு பாத்தா வைக்கோல் தெரியும். திரும்பத் திரும்பப் பாக்கறேன், திரும்பத் திரும்ப வைக்கோல். சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. தனியா, அந்த வேகத்துல, சிரிச்சுக்கிட்டே ஓட்டினேன்."



"இதை நீங்க ஒருநாளும் சொன்னதில்லையே," என்றார் மாமியார்.

"யாரு கேட்டீங்க?"

மில்லி வைக்கோலுக்காக வாசல் கால்மிதியிலிருந்து ஒரு நாரை உருவி எடுத்து, விளக்குக்கு எதிரே பிடித்துத் தடிமன் பார்த்தாள். அதையும் நாலாகப் பிளக்க வேண்டும். கோணம் அளக்கும் தகட்டைக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்படியே இருங்க மாமா. தலையைத் திருப்பாதீங்க. இந்தப் பக்கம் வந்தா நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது. சத்தம்தான்."

மாமியார் புடவையைச் செருகிக்கொண்டார். வீட்டுச் செருப்பைக் கழற்றினார். ஓசைப்படாமல் பின்னாலிருந்து இடது பக்கமாக வந்தார். வைக்கோல் கட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு குலுங்கியது. கிட்டத்தட்ட தோளருகே வந்தபோது மாமனார் தலையணையோடு இடது பக்கம் நகர்ந்து வழியை மறித்தார். முகம் திரும்பவே இல்லை.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாது. அன்னிக்கும் தெரியாது."

"இன்னொரு தடவை வர்றேன். தள்ளுடா நீ," என்று மகனை விலக்கிவிட்டு, மாமியார் மறுபடி சுவரோரம் போய் நின்றார்.

"அத்தை, வேண்டாம். அவர் நகர்ந்தா கோணம் போயிடும்," என்றாள் மில்லி.

யாரும் கேட்கவில்லை. மாமனார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, தாடையை முன்னால் நீட்டி, தொண்டையிலிருந்து இன்ஜின் சத்தம் எழுப்ப ஆரம்பித்திருந்தார். மில்லி கரண்டியைக் கீழே வைக்காமல் அவரோடு தரையில் நகர்ந்தபடியே அளவெடுத்தாள்.